இறக்கி வைத்த சிப்பம்

கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் அரிசி விலையைக் கேட்பதற்கு முன்னால் என்னைத்தான் விசாரிக்கிறார்கள். "என்னக்கா, பாதியா எளச்சுட்டீங்க, சுகரா?" சுகர் பத்து வருஷமாக இருக்கிறது, இது வேறு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சேலையூரில் ஒருவரிடம் சொன்னால், கேம்ப் ரோடு போய்ச் சேர்வதற்குள் அது வேறு கதையாகிவிடுகிறது. போன வாரம் ஒரு அம்மாள் எனக்குக் குடலையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் கண் கலங்கி வந்தார். வந்தவர் பத்து கிலோ பொன்னி வாங்கிக்கொண்டு போனார் என்பதால் எனக்கு வருத்தமில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் வசந்தா, வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷமாக அரிசிக்கடை நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் தணிகாசலம் கூடவே இருக்கிறார். அவர் முருங்கைக்காய் மாதிரி இருப்பார். இந்தக் கடையில் அரிசி விற்பது யார், தின்பது யார் என்று பார்த்தாலே தெரிகிறது என்று தெருவில் கேலி பேசுவார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். உடம்பு பெருத்தவர்கள் எல்லாரும் இதைக் கற்றுக்கொள்கிறோம். அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் நாம் சிரித்துவிட வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் கீழே கடையும் குடோனும், பின்னால் நாங்கள் இருக்கும் இரண்டு அறைகளும். முதல் மாடியில் ஒரு டீச்சர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இரண்டாவது மாடியை எங்கள் ஒரே மகள் வாணிக்காகக் கட்டினோம். கான்கிரீட் போட்ட அன்று நான் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். டைல்ஸ், பெயின்ட், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் போனில் வீடியோ காலில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் முப்பத்தாறு படிகள். என் முழங்கால்கள் மூன்றாவது படியிலேயே அழ ஆரம்பித்துவிடும், ஆறாவது படியில் மூச்சு நின்றுவிடும். சொந்த வீட்டு மாடியை நான் நாலு வருஷமாகப் பார்த்ததில்லை.

வீட்டை முடித்து எட்டு மாதம் ஆகியும் அது பூட்டியே கிடந்தது. மகள் புது வீட்டுக்குக் குடிபோகும்போது தாய்வீட்டிலிருந்து அரிசியும் உப்பும் மஞ்சளும் போக வேண்டும், பெற்றவள் கையால் அங்கே பால் பொங்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. என் சம்பந்தி அம்மாளைக் காய்ச்சச் சொல்லுங்கள், நான் கீழே இருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வாணி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"நீ ஏறி வர்ற அன்னைக்குத்தான்மா அந்த வீட்ல அடுப்பு எரியும்."

சொல்லிவிட்டு மாடம்பாக்கத்தில் வாடகை வீட்டிலேயே இருந்தாள். அந்த வீட்டுக்காரர் தன் பையனுக்கு வீடு வேண்டும், ஆவணிக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆவணியை விட்டால் புரட்டாசி. எங்களில் யாரும் புரட்டாசியில் புது வீடு போவதில்லை. என் கால்களுக்காக மகள் இன்னொரு வாடகை வீடு தேட வேண்டுமா என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. இறங்காது என்பது சும்மா ஒரு பேச்சுக்கு, இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் லோடுமேன் முனுசாமி ஒரு யோசனை சொன்னான். இருபது வருஷமாக எங்களிடம் மூட்டை இறக்குகிறவன், என்னைக் கூடப்பிறந்தவள் மாதிரி நினைக்கிறவன்.

"இன்னாக்கா இதுக்குப் போய் பேஜாராவுற? நீ இன்னா, ஒரு அஞ்சு சிப்பம் இருப்பியா? சேர்ல குந்த வச்சி, நாங்க நாலு பேரு தூக்கிகினு போயி மேல எறக்கிடுறோம்."

நல்ல மனசோடு சொன்னான். எனக்கோ காது மடல் எரிந்தது. அன்று அவனுக்கு டீ வாங்கித் தரவில்லை. சிப்பம் என்றால் எங்கள் கடையில் இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை. கடையைச் சாத்திவிட்டு, மூட்டை நிறுக்கும் தராசில் முதல்முறையாக ஏறி நின்றேன். நூற்றுப் பதினேழு காட்டியது, மிகச் சரியாக நாலரை சிப்பம். முனுசாமியின் கண் அரை சிப்பம்தான் பிசகியிருந்தது.

மறுநாளே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். முழங்கால் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மூட்டு மாற்றுவது இருக்கட்டும், முதலில் இந்தப் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று எடைக் குறைப்புக்கான சர்ஜனிடம் அனுப்பினார். காத்திருக்கும் இடத்தில் எல்லா நாற்காலிகளுக்கும் இரண்டு பக்கமும் கை இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் எங்கேயோ போய் கை இல்லாத ஒரு ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். வாட்ச்மேன் உட்காரும் ஸ்டூல் அது. அந்த வாட்ச்மேன் பிறகு நான் வரும் நாளெல்லாம் தானாகவே எழுந்து கொடுத்தார்.

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை என் கையைச் சுற்றவில்லை; நர்ஸ் பெரிய பட்டை கொண்டுவந்தார். அவர்கள் எடை மெஷின் என் தராசைவிட அறுநூறு கிராம் கூடக் காட்டியது. கடைசியாக எப்போது முத்திரை வைத்தீர்கள் என்று கேட்டேன். கடைத் தராசுக்கெல்லாம் அரசாங்க முத்திரை உண்டே என்று விளக்கினேன். நர்ஸ் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சர்ஜன் என் மகள் வயதுப் பெண். வைய மாட்டார் என்பது அவர் பேசிய முதல் நிமிஷத்திலேயே தெரிந்தது. இத்தனை வருஷம் நான் பார்த்த டாக்டர்கள் எல்லாம் வாயைக் கட்டுங்கள் என்று ஒரே மருந்தைத்தான் எழுதினார்கள். இவர் இது ஒரு நோய், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். ஆபரேஷன் என்னவென்று கேட்டேன். இரைப்பையில் முக்கால்வாசியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி தைத்துவிடுவார்களாம். பெரிய கோணியின் ஓரத்தை மடித்துத் தைத்துச் சின்னப் பையாக்குகிற மாதிரியா என்றேன். அதேதான், ஆனால் நான் மடிக்க மாட்டேன், வெட்டிவிடுவேன் என்றார்.

அறுபது தாண்டியவர்களுக்கு இதில் கூடுதல் கவலை ஒன்று உண்டு. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரையாது, தசையும் சேர்ந்து கரையும். வயசான உடம்பு இழந்த தசையை லேசில் திரும்பச் சம்பாதிக்காது. உடம்பு இளைத்தும் எழுந்து நடக்க முடியாமல் போய்விடும். அதனால் இதயம், நுரையீரல், எலும்பு என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னார்கள். ஒரு முறை எழுந்தேன். தினமும் வீட்டில் பழகுங்கள் என்றார்கள்.

தூக்கத்தையும் சோதித்தார்கள். தூங்கும்போது தொண்டை அடைத்து என் மூச்சு அடிக்கடி நின்றுபோகிறது என்று தெரிந்தது. அதற்கு மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று மெஷின் கொடுத்தார்கள். வீட்டில் முதல் நாள் மாட்டிக்கொண்டு குறட்டையே இல்லாமல் தூங்கியிருக்கிறேன். விழித்துப் பார்த்தால் என் வீட்டுக்காரர் என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் கேட்ட சத்தம் திடீரென்று நின்றால் மனுஷன் என்ன செய்வார்.

பங்குனியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் புரதப் பொடிக் கரைசல், மோர், சூப் மட்டும். அரிசி கூடாது. என்னைப் போன்றவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி, அது உப்பி, இரைப்பையின்மேல் சாய்ந்து படுத்திருக்கும். அதைச் சுருக்கினால்தான் சின்னத் துளை வழியாக ஆபரேஷன் செய்ய இடம் கிடைக்கும். ஷெரின் என்ற டயட்டீஷியன் பெண் ஒரு நோட்டைக் கொடுத்து, வாயில் போடுவது எல்லாவற்றையும் எழுதுங்கள் ஆன்ட்டி என்றாள். ஒரு வரி விடாமல் எழுதினேன். ஒரு நாள் தெரியாமல் அரை பிஸ்கட் தின்றதைக்கூட எழுதினேன்.

பை நிறையத் துணியோடு அட்மிட் ஆகப் போன அன்று எடை பார்த்தால் இரண்டு வாரத்தில் ஒரு கிலோ குறைந்திருந்தது. ஸ்கேனில் கல்லீரல் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. இந்த நிலையில் வயிற்றைத் திறப்பது ஆபத்து என்று சர்ஜன் சொல்லிவிட்டார். வாணியின் முகம் விழுந்துவிட்டது. ஷெரின் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். இதில் எழுதியதை மட்டும் சாப்பிட்டிருந்தால் நாலைந்து கிலோவாவது இறங்கியிருக்க வேண்டுமே என்றாள். என்னைப் பொய்க்காரி என்கிறாளா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் அம்மன்மேல் சத்தியம், எழுதாமல் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்றேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். மூலையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"சாம்பிள் சோறு எழுதினியா?"

"அது சாப்பாடாங்க? அது தொழிலு."

ஷெரின் பேனாவை மூடிவிட்டு, சாம்பிள் சோறு என்றால் என்ன ஆன்ட்டி என்று கேட்டாள். நான் பெருமையாகவே விளக்கினேன். புது லோடு வந்தால் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு ஆழாக்கு வடித்துப் பார்ப்போம். சுடச்சுட வெறுமனே ஒரு வாய் போட்டால்தான் வாசனை தெரியும். சாம்பார் ஊற்றி ஒரு வாய், குழையுதா என்று பார்க்க. மோர் ஊற்றி ஒரு வாய். ஆறிய பிறகு ஒரு வாய், ஏனென்றால் ஆபீஸ் போகிறவர்கள் டப்பாவில் கட்டிக்கொண்டு போவார்கள், விறைத்துவிடக் கூடாது. ஒரு லோடுக்கு எத்தனை ரகம் என்று கேட்டாள். ஆறு, ஏழு என்றேன். வாரத்துக்கு எத்தனை லோடு என்றாள். பங்குனியில் அறுவடை அரிசி வரத்து ஜாஸ்தி, நாலு என்றேன்.

சொல்லிக்கொண்டே வரும்போது என் காதிலேயே கணக்கு விழுந்தது. முப்பது வருஷமாக நான் சாப்பிட்ட சோறு தட்டில் பாதி, தொழிலில் பாதி. எனக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாக ஷெரினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் மேஜைமேல் கவிழ்ந்துகொண்டாள். பிறகு வாணி சிரித்தாள். கடைசியில் நான் அழுதுகொண்டே சிரித்தேன். சித்திரையில் வேறு நாள் தருகிறோம், அதுவரை தொழிலை வேறு யாராவது சாப்பிடட்டும் என்று சர்ஜன் அனுப்பிவைத்தார்.

அந்த மாதம் சாம்பிள் பார்க்கும் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவருக்கு எல்லாச் சோறும் "நல்லாருக்கு". மக்கல் வாடை அடித்த ஒரு ரகத்தையும் நல்லாருக்கு என்று சொல்லி வாங்கிப்போட்டார், தெருவே திருப்பிக் கொண்டுவந்தது. அப்புறம் முனுசாமியைச் சாப்பிடச் சொன்னோம். ஒரு வாய் போட்டுவிட்டு, "வேவுது, ஆனா வூட்ல பொம்பளைங்க திட்டுவாங்க" என்பான். அவன் சொன்னது ஒன்றும் தப்பவில்லை. இருபது வருஷம் மூட்டையைத் தூக்கியவனுக்கு மூட்டைக்குள் இருப்பதும் தெரிந்திருக்கிறது. நான் பொடிக் கரைசலைக் குடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் புது அரிசி கொதிக்கும் வாசனை வரும்போது மட்டும் எழுந்து தெருவுக்குப் போய் நிற்பேன். ஆபரேஷனுக்கு முந்திய அந்த இரண்டு வாரம்தான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான இரண்டு வாரம். ஸ்கேனில் கல்லீரல் சுருங்கியிருந்தது. எட்டாவது வகுப்பு பாஸானபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வயதில் தேவையா, படுத்தவள் எழுந்திருக்காமல் போய்விட்டால் மகள் தன்னால்தான் என்று ஆயுசுக்கும் நினைப்பாளே என்றெல்லாம் தோன்றியது. இன்சூரன்ஸ் அனுமதி வேறு கடைசி நிமிஷம்வரை வரவில்லை. மருமகன் கவுன்ட்டருக்கும் அறைக்கும் பத்து தடவை நடந்தார். அது வந்த பிறகுதான் ஸ்ட்ரெச்சரை நகர்த்தினார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எந்த மில்லில் எந்த ரகம் எடுக்க வேண்டும், யாருக்குப் பழைய அரிசிதான் பிடிக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எல்லாச் சோறும் ஒரே மாதிரிதான் இருக்கு வசந்தா. நீ வந்துதான் பாக்கணும்."

கண் விழித்தபோது வயிற்றில் ஐந்து சின்ன பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கால்களில் காற்றடித்துப் பிசைந்துவிடும் உறை, ரத்தம் கட்டாமல் இருக்க. நாலு மணி நேரத்தில் எழுப்பி நடக்கவிட்டார்கள். மூன்று பந்து உள்ள ஒரு கருவியைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள்; பந்து மேலே ஏறினால் நுரையீரல் விரிகிறது என்று அர்த்தம். முதல் நாள் ஒரு பந்து, மூன்றாம் நாள் மூன்றும் ஏறின. சாயம் கலந்த நீரைக் குடிக்கவைத்துத் தையலில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகு, மருந்து பாட்டில் மூடியில் தண்ணீர் கொடுத்தார்கள். கால் மணிக்கு ஒரு மூடி. இரண்டாவது மூடியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. என் ஆயுசில் நான் போதும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வாணி தலை வாரிப் பின்னிவிட்டாள். மருத்துவமனையில் இருந்த நான்கு நாளும் என் வீட்டுக்காரர் தன் சாப்பாட்டை மாடிப்படியில் போய் நின்றுகொண்டு சாப்பிட்டிருக்கிறார், வாசனை எனக்கு வரக்கூடாதாம். முனுசாமி ஒரு இளநீரோடு வந்து வாசலிலேயே நின்றான். நர்ஸ் சரி என்றதும், "மூடி மூடியா குட்சிக்கோக்கா, அவசரம் இல்ல" என்று அவனே ஊற்றிக் கொடுத்தான். டீ வாங்கித் தராத அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அவனிடம் சொன்னேன். "அத்த வுடுக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு மாவாக மசித்த முட்டையும் பருப்பும் பன்னீருமாகப் புரதம்தான் முதலில். தினமும் நாற்காலிப் பயிற்சி. எங்கள் தொழிலில் அளக்கும்போது ஒன்று என்று எண்ண மாட்டோம், லாபம் என்று ஆரம்பிப்போம். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே எழுந்து உட்காருவேன். முடி கொஞ்சம் கொட்டியது. அவசரமாக விழுங்கிய நாளில் நெஞ்சடைத்து வாந்தி வந்தது. ஆடி முடியும்போது படிக்கட்டில் ஆறு படி ஏறி இறங்கினேன். பிறகு பன்னிரண்டு, அப்புறம் டீச்சர் வீட்டு வாசல்வரை பதினெட்டு. அதற்குமேல் போகவில்லை. மேலே போவதானால் பாலோடுதான் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தன்று கடைத் தராசில் ஏறினேன். தொண்ணூற்றொன்று. மூன்றரை சிப்பம்.

பித்தளைப் படி நிறைய அரிசியும் ஒரு செம்பில் பாலும் எடுத்துக்கொண்டு நான் முன்னால் ஏறினேன். லாபம், ரெண்டு, மூணு. வாணி முதல் திருப்பத்திலும் டீச்சர் வீட்டு வாசலிலும் ஒவ்வொரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். இரண்டிலும் உட்கார்ந்தேன், கௌரவம் பார்க்கவில்லை. சீர் அரிசியாக ஒரு சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முனுசாமி பின்னால் வந்தான். இருபத்து நாலாம் படியில் நான் நின்றபோது அவனும் மூட்டையை இறக்கி வைத்தான். அதைத் தட்டிக் காட்டினான்.

"அக்கா, இம்மா நாளா இத்தையும் சேத்து நீதான் தூக்கிகினு இருந்த."

நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அசையக்கூட இல்லை. இதைத் தூக்கிக்கொண்டா சமைத்தேன், கடை திறந்தேன், கல்யாணங்களுக்குப் போனேன் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே இரக்கமும் மரியாதையும் வந்தது. மிச்சப் படிகளை நிற்காமல் ஏறினேன்.

முப்பத்தாறு. கதவு திறந்திருந்தது. நான் போனில் நீலம் என்று தேர்ந்தெடுத்த டைல்ஸ் நல்ல பச்சையாக இருந்தது. வாணிக்கு முதல் நாளே தெரியுமாம், நான் வந்து பார்த்துத் திட்டட்டும் என்று விட்டிருக்கிறாள். திட்டினேன். அடுப்பை மூட்டிப் பாலை வைத்தேன். பொங்கி வழிந்தபோது வாணி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாருக்கும் டம்ளரில் பால். எனக்கு மருந்து மூடியில். மருமகன் அதை ஒரு வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தார். மத்தியானம் புது அடுப்பில் வடித்த சோற்றில் எனக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். நன்றாக மென்றேன்; நாலு வாய் சாப்பிட்டால் தெரிகிற அத்தனையும் அந்த ஒரு ஸ்பூனிலேயே தெரிந்தது. பிறகு நோட்டில் எழுதினேன்: சாம்பிள், ஒரு ஸ்பூன்.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் படிக்கட்டைப் பார்த்தேன். கையில் அரிசிப் படி இல்லை, பால் இல்லை, பின்னால் யாரும் இல்லை. கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்த வாணி பதறிப்போனாள்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. சும்மாதான் வந்தேன்."